விபத்துக்குக் காரணம்: கவனக்குறைவு

சென்னை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் நான். டிப்ளமா முடித்த கையோடு டிரெய்னியாக உள்ளே போனேன். தகட்டை அடித்து வடிவமாக்கும் பவர் பிரஸ் ஓட்டினேன், டை செட்டிங் பழகினேன், ஷிப்ட் சூப்பர்வைசர் ஆனேன், கடைசியில் சேஃப்டி ஆபீசர் என்று சட்டைப்பையில் ஓர் அட்டையோடு வெளியே வந்தேன். இத்தனை வருடத்தில் என் கையால் அதிகம் எழுதிய சொல் எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை. 'கவனக்குறைவு'.

எங்கள் கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் தேதி, நேரம், மெஷின் எண், அடிபட்டவர் பெயர், அடிபட்ட இடம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசிக் கட்டம் 'விபத்துக்கான காரணம்'. அகலம் இரண்டு விரற்கடைதான். தேய்ந்துபோன ஸ்பிரிங், நைட் ஷிப்டோடு ஒட்டிப் போட்ட ஓவர்டைம் (ஓ.டி.), கழற்றி மூலையில் சாத்திவைத்த கம்பிக் கூண்டு, இதெல்லாம் அதற்குள் அடங்காது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' மட்டும் அளவெடுத்துத் தைத்தது போல் கச்சிதமாக உட்காரும்.

2016, ஆடி மாதம். ஆடி என்று நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. அன்று ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஸ்பீக்கர் பாட்டு பிரஸ் சத்தத்தையும் மீறி உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. டெஸ்பாட்ச் நெருக்கடி என்று ஓ.டி. ஓடிற்று. விழுப்புரம் பக்கத்துப் பையன், இருபத்திரண்டு வயது, கான்ட்ராக்ட் ஆள், ஐம்பது டன் பிரஸ்ஸில் பிராக்கெட் அடித்துக்கொண்டிருந்தான். பெடலை மிதித்தான். மேலிருந்து அடிக்கும் ஸ்லைடு இறங்கி ஏறியது. பீஸை எடுக்கக் கையை உள்ளே விட்டான். பெடலில் கால் இல்லை. ஸ்லைடு தானாக இன்னொரு முறை இறங்கியது.

வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு. நடுவிரலில் ஒரு கணு.

அவனை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து பதிவேட்டைத் திறந்தேன். கை நடுங்கியது. நடுங்கிய கையோடேயே அந்தச் சொல்லை எழுதினேன்.

பிரஸ் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அந்தக் காலத்து மெஷின்களில் இருப்பது பின் கிளட்ச். பெரிய சக்கரம் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் ஒரு பின் போய்ச் சக்கரத்தோடு கோத்துக்கொள்ளும், ஸ்லைடு இறங்கும். ஒரு சுற்று முடிந்ததும் அந்தப் பின் விலகிவிட வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ முனை மழுங்கினாலோ விலகாது. ஸ்லைடு மறுபடி இறங்கும். இதற்கு டபுள் அடிக்கிறது என்று பெயர். கோத்துக்கொண்ட பின்னை நடுவழியில் நிறுத்த முடியாது. முழுச் சுற்றும் முடிந்தே தீரும். குறுக்கே ஒளிக்கதிர் ஓடவிட்டுக் காவல் வைக்கும் லைட் கர்ட்டன் விற்க வருகிறவர்கள் இந்த மாதிரி மெஷினுக்கும் கொட்டேஷன் கொடுப்பார்கள். கை குறுக்கே வந்ததும் 'நில்' என்று அது சொல்லும், சரி. கேட்பதற்குப் பின் கிளட்ச்சுக்குக் காது இல்லை. இரண்டு கையாலும் பட்டன் அழுத்த வைக்கிற ஏற்பாடும் முதல் அடிக்குத்தான் காவல், இரண்டாவது அடிக்கு இல்லை. ஒன்று, விரலே நுழையாதபடி கம்பிக் கூண்டு மாட்டிவிட்டு, பீஸைக் காந்தக் குச்சியால் எடுக்கச் செய்ய வேண்டும். இல்லையென்றால் காசைப் போட்டு, நடுவழியிலும் நிறுத்த முடிகிற ஏர் கிளட்ச்சாக மாற்ற வேண்டும். எங்கள் மெஷினுக்குக் கூண்டு இருந்தது. எங்கே இருந்தது என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் ஆய்வுக்கு வந்தவர் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்காரர். பெயர் இத்தனை நீளம் என்பதால் எஸ்டேட்டில் இன்றைக்கும் 'ஃபேக்டரி இன்ஸ்பெக்டர்'தான். (இயக்ககத்தின் தலைமை அலுவலகம் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களைச் சேர்த்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது முன்னால் நின்றவர்களில் ஒருவர் திரு.வி.க. அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டித்தான் முதலாளிகள் லைசென்ஸ் புதுப்பிக்கப் போகிறார்கள்.) நான் விபத்துப் பதிவேட்டைத் தயாராக மேஜையில் வைத்திருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"மெயின்டனன்ஸ் புக் எடுங்க" என்றார்.

மூன்று வாரம் பின்னால் புரட்டினார். அதே மெஷின் எண். 'டபுள் அடிக்கிறது' என்று நைட் ஷிப்ட் ஆபரேட்டர் கோணல்மாணலாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே 'பார்த்துச் சரி செய்யப்பட்டது' என்று ஒரு கையெழுத்து. பார்த்தது உண்மை. கிளட்ச்சைப் பிரித்தால் அரை நாள் ஓட்டம் போகும் என்று கிரீஸ் வைத்து ஓட விட்டதும் உண்மை. கையெழுத்து என்னுடையது.

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. தடுப்பு உறுதியாக இருக்க வேண்டும், எப்போதும் நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும், பாகம் ஓடும்போதெல்லாம் அது அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்றது. ஆபரேட்டர் கவனமாக இருந்தாரா என்ற கேள்வியே அந்தப் பிரிவில் வரவில்லை. விபத்துக்குப் பிறகு நான் வேலையை விட்டுவிட்டுத் தரமணி ஆர்.எல்.ஐ.யில் (மண்டலத் தொழிலாளர் நிறுவனம்) ஒரு வருடப் பாதுகாப்பு டிப்ளமா படித்தேன். அங்கேதான் 1955-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை சொன்ன ஒரு தீர்ப்பைப் படித்தேன். ஃப்ராஸ்ட் என்ற தொழிலாளிக்குச் சாணைச் சக்கரத்தில் கட்டைவிரலில் அடி. ஜான் சம்மர்ஸ் என்ற இரும்புக் கம்பெனி, முழுசாகத் தடுப்புப் போட்டால் சாணையில் வேலையே செய்ய முடியாது என்று வாதாடியது. அது சாக்கு ஆகாது, தடுப்பு என்றால் தடுப்புதான் என்றது தீர்ப்பு. அதைப் படித்த அன்று மதியம் கேன்டீனில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கூண்டு மாட்டினால் புரொடக்‌ஷன் இறங்கும் என்று எத்தனை மீட்டிங்கில் நானே பேசியிருக்கிறேன்.

சரி, தண்டனைக்கு வருவோம். கேஸ் போட்டார்கள். இன்ஸ்பெக்டருக்குக் குற்றம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் காலாவதி என்பது அன்றைய சட்டம். இரண்டு பேர் மேல் கேஸ்: ஒருவர் 'ஆக்குபையர்', அதாவது சட்டத்தின் கண்ணில் ஃபேக்டரிக்கு முழுப் பொறுப்பாளர்; இன்னொருவர் ஃபேக்டரி மேனேஜர். கம்பெனி என்றால் ஆக்குபையராக ஒரு டைரக்டர்தான் இருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் யாரையாவது பலி ஆடாக நிறுத்த முடியாது. மேனேஜர் சம்பளக்காரர்தான், பாவம், லைசென்ஸில் பெயர் இருப்பதால் அவரும் கோர்ட் கூண்டில் ஏற வேண்டும். அந்தச் சட்டப்படி அதிகபட்சம் இரண்டு வருடச் சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். விதியை மீறியதால் உயிர் போனால் அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. கடுமையான காயம் என்றால் 5,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. ஒரே ஒரு விரலெலும்பு முறிந்தால் அது 'கடுமையான காயம்' கணக்கிலேயே வராது என்று விளக்கம் வேறு கொடுத்திருந்தார்கள். போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1987-இல் திருத்தியபோது போட்ட தொகைகள் இவை. அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் யாரும் தொடவில்லை.

எங்கள் ஆட்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். தொகையை எழுதப் போவதில்லை. அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பொரி, சுண்டல், ஸ்வீட் பாக்ஸ் என்று செலவழித்ததைவிடக் குறைவு என்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பணமும் அரசாங்கத்துக்குத்தான் போனது. விரல் போனவனுக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

அவனுக்குக் கிடைத்தது ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுப் பணம். அதன் கணக்கைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. அன்றைய ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் பின்னிணைப்பில் விரலுக்கு விலைப்பட்டியலே இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் போனதாக அர்த்தம். ஆள்காட்டி விரல் முழுசாக 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7. அப்புறம் கணுக் கணக்கு: ஆள்காட்டியில் இரண்டு கணு 11, நடுவிரலில் ஒரு கணு 7. இவனுக்குக் கூட்டினால் 18. மாதச் சம்பளம் 9,000 ரூபாய். அதில் 90 சதவீதம் 8,100. அதில் 18 சதவீதம் 1,458. ஆயுசுக்கும் மாதாமாதம் வரும், அவ்வப்போது கொஞ்சம் ஏறும். ஒன்றுமே இல்லாததற்கு இது பெரிய விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர் அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக நஷ்டஈடு கேட்க முடியாது. அந்தச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. அதாவது, தேய்ந்த ஸ்பிரிங்கின் செலவு எல்லாத் தொழிலாளர்களும் எல்லா முதலாளிகளும் சேர்ந்து கட்டும் சந்தாவிலிருந்து போகிறது. அவனுடைய சம்பளத்தில் பிடித்த சந்தாவும் அதில் சேர்த்தி.

எங்கள் முதலாளியை எது கடித்தது என்றும் சொல்ல வேண்டும். ஆய்வுக்கு வந்தவர் போகும்போது ஒரு தாள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்: கிளட்ச் சரியாகி, கூண்டு நிலையாகப் பொருத்தப்படும்வரை அந்த மெஷினை ஓட்டக் கூடாது. தொழிற்சாலைகள் சட்டம், 40-ஆம் பிரிவு. எங்களிடம் பிராக்கெட் வாங்கிய கார் கம்பெனிக்குச் சப்ளை நின்றது. அவர்கள் லைன் நின்றால் நிமிஷக் கணக்கில் நம்மிடம் பிடிப்பார்கள். மூன்று வாரம் வராத ஸ்பிரிங் அன்று சாயங்காலமே பாரீஸ் கார்னரிலிருந்து பைக்கில் வந்தது. வெல்டர் ராத்திரியோடு ராத்திரியாகக் கூண்டு கட்டினார். கோர்ட்டில் முகம் சுளிக்காத மனுஷர் அந்த நாலு நாளும் ஷாப் ஃப்ளோரிலேயே நடந்துகொண்டிருந்தார். அபராதத்தை எத்தனை லட்சம் ஆக்கலாம் என்று யாராவது விவாதம் செய்தால் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வரும். ஒரு வரி, ஒரு கையெழுத்து, ஒரு தேதி.

ஆனால் அந்தத் தாள் வர வேண்டுமென்றால் ஆள் வர வேண்டும், ஆள் வர வேண்டுமென்றால் விபத்து தெரிய வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாதபடி அடிபட்டால் தகவல் கொடுக்க வேண்டும் என்பது விதி. எஸ்டேட்டுக்கு இது அத்துப்படி. கட்டுப்போட்ட கையோடு ஆளை மறுநாள் ஆட்டோவில் கூட்டிவந்து, டைம் ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து, அட்டெண்டன்ஸ் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். பதிவேட்டில் அவர் வேலைக்கு வந்துவிட்டார். இந்தப் பையன் விஷயத்தில் அதுவும் பேசப்பட்டது. ரத்தம் அதிகம் போனதால் நடக்கவில்லை.

ஃபேக்டரிக்காவது நாலு சுவரும் ஒரு லைசென்ஸும் உண்டு. கட்டட வேலையில் நிலைமை இன்னும் மோசம். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் செத்தார்கள். போலீஸ் வழக்கு தனி. கட்டடத் தொழிலாளர்களுக்கென்றே 1996-இல் வந்த சட்டம் பாதுகாப்பு விதியை மீறினால் என்ன தண்டனை சொன்னது தெரியுமா? மூன்று மாதச் சிறை அல்லது 2,000 ரூபாய். இன்று சென்னையில் ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் போய்ப் பிடிபட்டால் 1,000. பத்தாவது மாடிச் சாரத்தில் ஒருவனை ஹெல்மெட்டும் பெல்ட்டும் இல்லாமல் ஏற்றிவிட்டவருக்கு அதைப்போல இரண்டு மடங்கு.

இந்தச் செய்திகள் பத்திரிகையில் வரும் தமிழையும் கவனித்திருப்பீர்கள். 'சாரம் சரிந்து', 'சுவர் இடிந்து', 'மண் சரிந்து', 'விஷவாயு தாக்கி'. எல்லாம் தானாக நடந்தவை. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் 9 பேர் இறந்ததும் இப்படி 'சரிந்து'தான். விஷவாயு என்னமோ கத்தியை எடுத்துக்கொண்டு தெருவில் வந்து தாக்கிய மாதிரி எழுதுகிறோம். பாதாளச் சாக்கடைக்குள் ஆளை இறக்கியது யார்? 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்குவதே குற்றம். அவர் உயிரோடு மேலே ஏறி வந்தாலும் குற்றம். முதல் தடவைக்கு இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம். இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. வாயு தாக்கிய கதைக்கு இத்தனை சட்டம் தேவைப்பட்டிருக்காது. எங்கள் பதிவேட்டின் கடைசிக் கட்டமும் இந்தச் செய்தித் தலைப்பும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

இப்போது சட்டமே மாறிவிட்டது. பதின்மூன்று பழைய சட்டங்களைச் சேர்த்து 2020-இல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. கடமையை மீறியதால் உயிர் போனால் இரண்டு வருடம் வரை சிறை அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம் அல்லது இரண்டும். கடுமையான காயத்துக்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது 2 முதல் 4 லட்சம் வரை. அந்த அபராதத்தில் குறைந்தது பாதியை அடிபட்டவருக்கோ குடும்பத்துக்கோ கொடுக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம். இதை நான் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நல்ல விஷயம், பத்து வருடம் முன்னால் வந்திருக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். இப்போது இருபது பேர். பாடியிலும் திருமுடிவாக்கத்திலும் ஷட்டருக்குப் பின்னால் நாலு பிரஸ், பன்னிரண்டு ஆள் என்று ஓடுகிற இடங்கள் எத்தனை என்று அந்தத் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும். அவை இனி தொழிற்சாலை இல்லை, 'நிறுவனம்'. பத்துப் பேர் இருந்தால் முதலாளியின் பொதுக்கடமை அங்கேயும் உண்டு என்று தொகுப்பு சொல்கிறது. ஆனால் யார் போய்க் கதவைத் தட்டுவது? காயம் இல்லாத சாதாரண மீறலுக்கு முன்பு எழுத்திலாவது சிறை இருந்தது. இப்போது 2 முதல் 3 லட்சம் வரை பணம் மட்டும். இன்னொன்றைப் பெரிய பத்திரிகைகளில் அதிகம் பார்க்கவில்லை: விதியை மீறும் தொழிலாளிக்குப் பழைய சட்டத்தில் அபராதம் 500 ரூபாய் வரை. புதியதில் 10,000 வரை. 'கவனக்குறைவு' என்று எழுதிப் பழகிய கைகளுக்கு அந்த எண் எவ்வளவு வசதியாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

மார்ச் 4 வந்தால் எல்லாக் கம்பெனியிலும் பாதுகாப்பு தினம். பச்சை பேட்ஜ், கொடி, உறுதிமொழி, வாசகப் போட்டி, முதல் பரிசு எவர்சில்வர் டிபன் கேரியர். நான் சேஃப்டி ஆபீசராக இருந்த இடத்தில் வாசகப் பெட்டியைத் திறப்பது என் வேலை. விழித்திரு, கவனமாயிரு, உன் குடும்பம் காத்திருக்கிறது என்று நூறு சீட்டு இருக்கும். ஒரு வருடம் ஒரு சீட்டில் 'முதல்ல ஸ்பிரிங்க மாத்துங்க' என்று இருந்தது. கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று இடது கையால் எழுதியிருந்தார்கள். நடுவர் குழு அதைப் போட்டியில் சேர்க்கவில்லை. நான்தான் நடுவர் குழு.

விழுப்புரத்துத் தம்பி இப்போது பட்டரவாக்கம் ஸ்டேஷன் பக்கம் மொபைல் கவர், சார்ஜர் விற்கிறான். வருடத்துக்கு ஒரு தடவை ஈ.எஸ்.ஐ.க்கு உயிருடன் இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும்; படிவம் நிரப்ப என்னைக் கூப்பிடுவான். முதல் இரண்டு வருடம் 'சார்', அப்புறம் 'அண்ணே'. பேனாவைக் கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பிடித்துக் கையெழுத்துப் போடுவான், என்னுடையதைவிட அழகாக இருக்கும். இந்தத் தடவை கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தரவில்லை.

"அண்ணே, என் தம்பி திருமுடிவாக்கத்துல சேர்ந்திருக்கான். பிரஸ்ஸு."

"என்ன கிளட்ச்?"

"கேட்டேன். பின்னுன்னு சொல்றான். ரெண்டு தடவ டபுள் அடிச்சிருச்சாம்."

கையை உள்ளே விட வேண்டாம், காந்தக் குச்சி கேட்டு வாங்கச் சொல் என்றேன். சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னால் போதாது, தேதி போட்டு எழுதிக் கொடுக்கச் சொல், கொடுத்ததை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல் என்றேன். சரி செய்யும்வரை அந்த மெஷினில் உட்காரக் கூடாது என்றேன்.

"எழுதிக் குடுத்தா மறுநாள் உள்ள விடுவாங்களாண்ணே?"

ஆவடி லோக்கல் உள்ளே வந்துகொண்டிருந்தது. கூட்டம் இறங்கியதும் யாரோ ஒரு அம்மா சி டைப் கேபிள் என்ன விலை என்று கேட்டார். அவன் விலை சொல்லி, உறையைப் பிரித்துக் காட்டி, சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு, மறுபடி என் முகத்தைப் பார்த்தான்.